முதலில் வகுப்பு, பிறகு அரங்கம்

தலைநகரிலும் அதைச் சுற்றியுள்ள நொய்டா, குருகிராம், காஜியாபாத், ஃபரிதாபாத் பகுதிகளிலும் நம் தமிழ் அன்பர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: "நமக்கென்று சொந்தமாக ஒரு ஹால் வேண்டும்." உடனே ஒருவர் மனை விலையைச் சொல்வார். இன்னொருவர் ஐந்நூறு இருக்கையா, எண்ணூறு இருக்கையா என்று கேட்பார். ஏ.சி. இல்லாமல் இந்தக் காலத்தில் யார் வருவார்கள் என்பார் மூன்றாமவர். நன்கொடையாளர் பெயர்களைக் கல்வெட்டில் எந்த வரிசையில் பொறிப்பது என்பது வரை பேச்சு போகும். அந்த ஹாலில் வாரத்தின் மற்ற நாட்களில் என்ன நடக்கும், யார் யாருக்கு எதைச் சொல்லிக் கொடுப்பார்கள் என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை.

சொந்த இடம் வேண்டும் என்ற ஆசையை நான் குறை கூறவில்லை. வெளியூரில் வாழ்பவனுக்கு, தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு கூரை இருப்பது பெரிய பலம். 1946ல் தொடங்கிய தில்லித் தமிழ்ச் சங்கம் ராமகிருஷ்ணபுரத்தில் சொந்தக் கட்டடத்தில் இயங்குவதால் நமக்கு எவ்வளவு நன்மை என்பதை வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு மாறுபட்ட கருத்து இருப்பது, எதை முதலில் செய்வது என்ற வரிசையில்தான்.

டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, 36 ஆண்டுகள் பெரும்பாலும் கட்டடப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ரயில்வேயில் ஒரு புதுப் பாதை போடும் யோசனை வந்தால், முதலில் டிராஃபிக் சர்வே எடுப்பார்கள். அந்தப் பக்கம் எத்தனை பேர் போய்வருகிறார்கள், என்ன சரக்கு போகிறது, நாளைக்கு எவ்வளவு கூடும் என்று கணக்கெடுப்பார்கள். சில இடங்களில் முதலில் ஒரு ஹால்ட் மட்டும் வரும். மேடை தாழ்வாக இருக்கும். டிக்கெட் கொடுக்க ஒரு சின்ன அறை, அவ்வளவுதான். ஜனங்கள் ஏறி இறங்க ஆரம்பித்த பிறகு அது ஸ்டேஷனாக வளரும். யாரும் ஏறாத ஊரில் பெரிய ஸ்டேஷன் கட்டினால் புறாதான் குடியிருக்கும்.

கலை அரங்கங்களுக்கும் இந்த விதி பொருந்தும் என்பதற்கு நம் தில்லியிலேயே ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. மண்டி ஹவுஸ் வட்டத்திலிருந்து பெங்காலி மார்க்கெட் பக்கம் நடந்தால், தான்சேன் மார்க்கில் வருகிற திரிவேணி கலா சங்கம்தான் அது. நம்மில் பலர் அங்கே நடனமோ ஓவியக் கண்காட்சியோ பார்த்திருப்போம், டீ குடித்திருப்போம். அது எப்படித் தோன்றியது என்று தெரிந்தவர்கள் குறைவு.

காபி ஹவுஸ் மாடியில் ஒரு அறை

1941 மக்கள்தொகைக் கணக்கில் தில்லியில் இருந்தவர்கள் சுமார் 9 லட்சம். 1951ல் அது சுமார் 17 லட்சம். இடையில் வந்தது நாட்டுப் பிரிவினை. மேற்குப் பஞ்சாபிலிருந்தும் சிந்துவிலிருந்தும் வீடு வாசலை விட்டு வந்தவர்கள் தங்க இடமில்லாமல் பழைய கோட்டைகளிலும் கூடாரங்களிலும் இருந்த காலம். அப்போது புது தில்லியில் கலை நிகழ்ச்சிக்கென்று கட்டப்பட்ட அரங்குகளும் அதிகம் இல்லை. கன்னாட் பிளேஸில் 1932ல் திறந்த ரீகல் தியேட்டரில் சினிமாவோடு நாடகங்களும் நடந்தன. (அந்த ரீகலும் 2017ல் மூடப்பட்டுவிட்டது.) மற்றபடி பள்ளிக்கூட ஹால், ஷாமியானா பந்தல் இவைதான்.

அந்தச் சூழ்நிலையில் 1950ல் சுந்தரி ஸ்ரீதராணி என்ற பெண்மணி ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். அவர் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் பிறந்தவர். உதய் சங்கர் அல்மோராவில் நடத்திய கலை மையத்தில் நடனம் பயின்றவர். கணவர் கிருஷ்ணலால் ஸ்ரீதராணி எழுத்தாளர். காந்திஜியின் தண்டி யாத்திரையில் நடந்தவர். அல்மோராவைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி உண்டு. அங்கே பரதநாட்டியம் சொல்லிக் கொடுக்க உதய் சங்கர் அழைத்தது நம் கந்தப்பப் பிள்ளையை. பாலசரஸ்வதிக்கு நடனம் சொல்லிக் கொடுத்து அரங்கேற்றம் செய்துவைத்த அதே குருவை. கதகளிக்கும் மணிப்புரிக்கும் அந்தந்த மரபின் குருமார்கள் இருந்தார்கள். இந்தியாவின் நாலு மூலைக் கலைகளும் ஒரே கூரையின் கீழ் கற்றுக்கொடுக்கப்படலாம் என்ற எண்ணம் சுந்தரி ஸ்ரீதராணிக்கு அங்கிருந்து வந்திருக்க வேண்டும்.

அவர் தொடங்கிய இடம் கன்னாட் பிளேஸில் ஒரு காபி ஹவுஸுக்கு மேலே ஒரே ஒரு அறை. ஓவியர் கே.எஸ். குல்கர்ணி ஆசிரியர். மாணவர்கள் இரண்டு பேர். திரிவேணி கலா சங்கம் என்ற பெயரைச் சொன்னவர் புல்லாங்குழல் கலைஞர் விஜய ராகவ ராவ். மூன்று நதிகள் கூடும் இடத்தின் பெயரை, இரண்டு மாணவர்கள் இருந்த அறைக்கு வைத்தார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும், தொடங்கிய அளவு சிறிதாகத்தான் இருந்தது.

அறை நிரம்பியது. மாணவர்கள் கூடினார்கள், கலைகளும் கூடின. இந்த முயற்சி பிரதமர் நேருவின் கவனத்துக்கு வந்து, நிலம் ஒதுக்கப்பட்டது. சுந்தரி ஸ்ரீதராணி ஒரு சிறிய குழுவைச் சேர்த்துக்கொண்டு நிதி திரட்டினார். 1957ல் கட்டட வேலை ஆரம்பமாயிற்று. 1963 மார்ச் 3ம் தேதி முறைப்படி திறப்பு விழா நடந்தது.

இந்தத் தேதிகளைக் கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பாருங்கள். வகுப்பு தொடங்கி ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் கட்டட வேலை. வேலை முடிய மேலும் ஆறு ஆண்டுகள். ஆக மொத்தம் பதின்மூன்று ஆண்டுகள் சொந்தக் கட்டடம் இல்லாமலே அந்த நிறுவனம் நடந்திருக்கிறது. கட்டடம் திறந்த அன்று உள்ளே நுழைய ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோர்களும் பார்வையாளர்களும் தயாராக இருந்தார்கள். ரயில்வே பாஷையில் சொன்னால் டிராஃபிக் இருந்தது, பிறகு ஸ்டேஷன் வந்தது.

சின்ன மனை, பல உபயோகம்

கட்டடத்தை வடிவமைத்தவர் ஜோசப் ஆலன் ஸ்டைன் என்ற அமெரிக்கர். 1952ல் கல்கத்தா அருகே பெங்கால் என்ஜினீயரிங் கல்லூரியில் கட்டடக்கலைத் துறைத் தலைவராக வந்து, பிறகு தில்லியில் தங்கிப் பணியாற்றியவர். 1962ல் திறந்த இந்தியா இன்டர்நேஷனல் சென்டரும், பின்னாளில் லோதி ரோட்டில் வந்த இந்தியா ஹாபிடாட் சென்டரும் அவர் கைவண்ணமே.

கட்டட வேலை தெரிந்தவன் என்ற முறையில் திரிவேணியில் எனக்குப் பிடித்தது அதன் சிக்கனம். மனை பெரியதல்ல. அதற்குள் வகுப்பறைகள், ஓவியக் கூடங்கள், ஒரு சிறிய உள்ளரங்கம், புல்வெளியை ஒட்டிப் படிப்படியாக அமைந்த திறந்தவெளி அரங்கம், ஒரு டீக்கடை எல்லாம் அடங்கிவிட்டன. வெளிப்பக்கம் ஜாலி வைத்த சுவர்கள். இந்த ஜாலி முகலாயர் காலத்திலிருந்து இந்தப் பகுதியில் பழகிய முறை. வெயிலைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. மே மாதத்தில் 45 டிகிரி தொடும் ஊரில் இதன் அருமை நமக்குத் தெரியும். நவம்பரிலிருந்து மார்ச் வரை வெளியில் உட்கார்ந்து ரசிக்கத் தக்க பருவம். அதற்குத் திறந்தவெளி அரங்கம் போதும். கூரைச் செலவு இல்லை, ஏ.சி. செலவும் இல்லை.

பெரிய ஹாலுக்கு ஏன் இவ்வளவு செலவாகிறது என்று பலர் கேட்பார்கள். முக்கிய காரணம் நடுவில் தூண் இல்லாத கூரை. ஒரு உத்திரத்தின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால், அடிக்கு அதே சுமை என்று வைத்துக்கொண்டாலும், அது தாங்க வேண்டிய வளைவு நான்கு மடங்காகிறது. இருக்கையைக் கூட்டக் கூட்ட இரும்பும் கான்கிரீட்டும் அதே விகிதத்தில் கூடுவதில்லை, அதற்கும் மேலே போகும். அதோடு அவசர வழிகள், தீயணைப்புக் குழாய்கள், மின்சார ஏற்பாடு எல்லாம் கூடும். இவற்றில் சிக்கனம் பார்க்கவே கூடாது. 1997 ஜூன் 13ம் தேதி கிரீன் பார்க் உபகார் தியேட்டர் தீ விபத்தில் 59 பேர் உயிரிழந்ததை தில்லிவாசிகள் மறக்க முடியாது. நூற்றுக்கணக்கானவர்களை ஒரு கூரையின் கீழ் உட்காரவைப்பவர்கள், அவர்கள் பத்திரமாக வீடு திரும்புவதற்கும் பொறுப்பு. கௌரவ வேலையாகச் சங்கம் நடத்தும் அன்பர்கள் இந்தப் பொறுப்பின் எடையை முன்கூட்டியே உணர வேண்டும்.

மற்ற இடங்களில் நடந்தது

திரிவேணி ஏதோ தனிப்பட்ட விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். அதே மண்டி ஹவுஸ் பகுதியில் உள்ள தேசிய நாடகப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 1959ல் சங்கீத நாடக அகாடமியின் கீழ் பள்ளியாகத்தான் அது பிறந்தது. 1962ல் இயக்குநராக வந்த இப்ராஹிம் அல்காஸி, பெரிய அரங்கம் கிடைக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. 1963ல் ஃபெரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளையே மேடையாக்கி 'அந்தா யுக்' நாடகத்தைப் போட்டார். ரவீந்திர பவன் வளாகத்தில் ஆலமரத்தடியில் மேக்தூத் என்ற திறந்தவெளி அரங்கத்தை உண்டாக்கினார்.

நம் ஊர் உதாரணமும் உண்டு. ருக்மிணி தேவி அருண்டேல் 1936ல் கலாக்ஷேத்ராவை அடையாறு தியோசாபிகல் சொசைட்டி வளாகத்தில் ஆரம்பித்தபோது அரங்கம் ஏதும் கிடையாது, மரத்தடி வகுப்புகள்தான். 1960களில்தான் திருவான்மியூருக்கு இடம் மாறியது. கேரளத்துக் கூத்தம்பலம் பாணியில் இன்று நாம் பார்த்து வியக்கும் பெரிய அரங்கம் வந்தது 1980களில். அதற்குள் கலாக்ஷேத்ராவில் படித்தவர்கள் உலகம் முழுவதும் ஆசிரியர்களாகப் பரவிவிட்டார்கள்.

"மும்பை ஷண்முகானந்தா ஹால் நம்மவர்கள் கட்டியதுதானே, அது எவ்வளவு பெரியது" என்று சில நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மூவாயிரம் பேர் அளவுக்கு உட்காரக்கூடிய அந்த ஹாலை கிங்ஸ் சர்க்கிள் பகுதியில் தென்னிந்தியர்கள் எழுப்பியது நாம் எல்லோரும் பெருமைப்படத்தக்க சாதனை. ஆனால் அங்கேயும் வரிசையைக் கவனியுங்கள். ஏற்கெனவே கச்சேரிகள் நடத்திவந்த சிறு சபைகள் இணைந்து 1952ல் ஸ்ரீ ஷண்முகானந்தா சபை உருவாயிற்று. ஹால் திறந்தது 1963ல், அதாவது திரிவேணி திறந்த அதே ஆண்டில். 1990ல் தீ விபத்தில் ஹால் சேதமடைந்தது. மறுபடி திறக்க 1998 வரை ஆயிற்று. ஹால் இல்லாத அந்த எட்டு ஆண்டுகளைச் சபை தாங்கி நின்று, ஹாலைத் திரும்பவும் எழுப்பியது. ஹால் போனால் கலைந்துவிடும் சங்கமாக இருந்திருந்தால், அந்த இடம் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நம் நிலைமை என்ன?

நான் 1984ல் தில்லிக்கு மாற்றலாகி வந்தபோது கரோல் பாக்கிலும் சரோஜினி நகரிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் சர்க்கார் குவார்ட்டர்ஸ்களில் தெருவுக்குத் தெரு ஒரு பாட்டு மாமி இருந்தார். மாலை ஐந்து மணிக்கு மேல் ஜன்னல் வழியாக சரளி வரிசை கேட்கும். நாடகம் போடும் நண்பர்கள் அலுவலகம் விட்டு வந்து, யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஒத்திகை பார்ப்பார்கள். வீட்டு அம்மாள் பதினைந்து பேருக்குக் காபி போட்டுக் கொடுத்து, வசனமும் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பார். கணக்கெழுதாத வகுப்பறைகள், ஒத்திகைக் கூடங்கள் அவை.

இப்போது நிலைமை வேறு. அந்த மாமிகள் பலர் பிள்ளைகளோடு பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோ போய்விட்டார்கள். இருப்பவர்கள் பத்தாவது மாடி ஃபிளாட்டில் சொல்லிக் கொடுக்கிறார்கள். தட்டுக்கழி சத்தம் கேட்டால் கீழ்வீட்டுக்காரர் சொசைட்டி அலுவலகத்தில் புகார் எழுதுகிறார். மிருதங்கம் கற்கும் பையன் போர்வையை மடித்துக் கீழே போட்டு வாசிக்கிறான். கொரோனா காலத்தில் பழகிய ஆன்லைன் வகுப்பு பலருக்கு இன்றும் தொடர்கிறது. சென்னையில் உள்ள நல்ல ஆசிரியரிடம் கற்க அது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் நாலு குழந்தைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாடும்போது ஏற்படும் சுருதி ஒற்றுமையும், வகுப்பு முடிந்து படிக்கட்டில் பேசும் தமிழும் கம்ப்யூட்டர் திரையில் வருவதில்லை.

நம் குழந்தைகளுக்கு இன்று குறைவாக இருப்பது மேடை அல்ல. ஆண்டு விழா, பொங்கல் விழா, நவராத்திரி என்று மேடைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன; அதில் இரண்டு நிமிஷம் ஆடுவதற்குக் கூட்ட நெரிசல். குறைவாக இருப்பது வாரா வாரம் போய்க் கற்றுக்கொள்ள ஒரு அறை.

கட்டடப் பராமரிப்பில் இருந்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்வேன். ரயில்வே காலனிகளில் இன்ஸ்டிட்யூட் என்று ஒன்று உண்டு. பொன்மலை, பெரம்பூர் காலனிகளில் வளர்ந்த வாசகர்களுக்கு நன்றாகத் தெரியும். மேடை, நூலகம், கேரம் பலகை, பூப்பந்து மைதானம், எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தொழிலாளர்களின் சம்பளத்தில் சின்னச் சந்தா. என் வேலையில் இப்படிப் பல கட்டடங்களைப் பார்த்திருக்கிறேன். தினம் யாராவது வந்து போகும் இன்ஸ்டிட்யூட்டில் ஓடு உடைந்தால் மறுநாளே புகார் வரும், நாங்கள் ஆள் அனுப்புவோம். ஆண்டு விழாவுக்கு மட்டும் திறக்கும் இன்ஸ்டிட்யூட்டில் ஒழுகல் யாருக்கும் தெரியாது. மழைக்காலம் முடிந்து கதவைத் திறந்தால் மேடைப் பலகை உப்பியிருக்கும். எந்தக் கட்டடத்தையும் பெயிண்டும் சுண்ணாம்பும் மட்டும் காப்பாற்றுவதில்லை. ஆள் நடமாட்டம்தான் காப்பாற்றுகிறது.

எதிர்வாதங்கள்

என்னோடு வாதிடும் நண்பர்கள் மூன்று விஷயங்களைச் சொல்கிறார்கள்.

முதலாவது, வாடகை வருமானம். ஹால் இருந்தால் கல்யாணத்துக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் வாடகைக்கு விடலாம், அந்தப் பணத்தில் வகுப்பு நடத்தலாம் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முகூர்த்த நாட்களும் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளை ஒட்டியே பார்க்கப்படுகின்றன. நம் குழந்தைகளுக்கு வகுப்பு வைக்க முடிவதும் அந்த நாட்களில்தான். எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு வகுப்பு தொடர்ந்து நாலு வாரம் ரத்தாயிற்று. நாலு வாரமும் ஹாலில் விசேஷம். ஐந்தாவது வாரம் வகுப்பு இருந்தது, குழந்தைகள் வரவில்லை. வருமானத்துக்காக ஏற்பட்ட ஏற்பாடு வருமானத்தையே குறியாகக் கொள்ளும். இது யார் கெட்ட எண்ணமும் அல்ல, மின்சாரக் கட்டணம் கட்ட வேண்டிய பொருளாளரின் நிர்ப்பந்தம்.

இரண்டாவது, "திரிவேணிக்கு நேரு நிலம் கொடுத்தார், நமக்கு யார் கொடுப்பார்கள்?" உண்மைதான். அந்தக் காலம் வேறு; தலைநகர் அப்போது உருவாகிக்கொண்டிருந்தது, நிலம் இருந்தது. இன்று எந்த அதிகாரியிடம் போனாலும் அது நடக்குமா என்பது சந்தேகமே. ஆனால் அன்றைக்கும் வெறும் விண்ணப்பத்துக்கு நிலம் கிடைக்கவில்லை. நடந்துகொண்டிருந்த வகுப்புகள் கண்ணில் பட்டதால் கிடைத்தது. இன்றைக்கு ஒரு தொழிலதிபரிடமோ அரசாங்கத்திடமோ போனாலும் "இத்தனை ஆண்டுகளாக இத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம், இதோ வருகைப் பதிவேடு" என்று சொல்ல முடிந்தால் நம் பேச்சுக்கு மதிப்பு இருக்கும். வரைபடம் மட்டும் கொண்டுபோனால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாவது, எண்ணிக்கை. ஹாலில் ஒரு நிகழ்ச்சிக்கு முந்நூறு பேர் வருவார்கள், வகுப்புக்குப் பன்னிரண்டு குழந்தைகள்தானே என்கிறார்கள். கணக்குப் போட்டே பார்ப்போம். ஹாலில் ஆண்டுக்கு 30 நிகழ்ச்சிகள், ஒவ்வொன்றுக்கும் 300 பேர் என்றால் 9,000 வருகை. ஒரு அறையில் வாரம் ஐந்து நாள், நாளுக்கு இரண்டு வகுப்பு, வகுப்புக்கு 12 குழந்தைகள், ஆண்டுக்கு 45 வாரம் என்றால் 5,400 வருகை. தலைக்கணக்கில் ஹால்தான் ஜெயிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டின் செலவையும் எதிரெதிரே எழுதிப் பாருங்கள். அந்தக் குழந்தைகள்தான் நாளை ஹாலில் பாடப் போகிறவர்களும் உட்கார்ந்து கேட்கப் போகிறவர்களும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கற்றவனுக்குத்தான் கேட்கவும் தெரியும். இன்றைக்கு நம் கச்சேரிகளில் முன் வரிசைகளில் உட்காருபவர்களின் வயதைப் பார்த்தால், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வரிசைகள் என்னவாகும் என்ற கவலை எனக்கு வருகிறது.

என்ன செய்யலாம்?

குறை மட்டும் சொல்லி விடக்கூடாது அல்லவா? என் யோசனைகளை எழுதுகிறேன்.

அறை தேடுவதில் தொடங்குவோம். 1923ல் தொடங்கிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம், மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லக்ஷ்மிபாய் நகர், மோதி பாக், பூசா ரோடு, ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி என்று ஏழு இடங்களில் பள்ளிகளை வளர்த்திருக்கிறது. நம் முன்னோர்கள் முதலில் கட்டியது ஹால் அல்ல, பள்ளிக்கூடம் என்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன். மாலை நேரத்திலும் விடுமுறை நாளிலும் இப்படிப்பட்ட பள்ளிகளில் ஒரு வகுப்பறையை முறையான வாடகைக்குக் கேட்கலாம். கோயில் வளாகங்களிலும் குடியிருப்புச் சங்க அறைகளிலும் கேட்கலாம். பெஞ்சை ஒதுக்கி ஜமக்காளம் விரித்தால் போதும்.

ஹாலுக்காக வசூலித்த பணம் வங்கியில் இருந்தால், அதன் வட்டியில் ஆசிரியருக்கு மாதச் சம்பளம் கொடுக்கலாம். "சேவை மனப்பான்மையோடு செய்யுங்கள்" என்று பாட்டு டீச்சரிடமும் நட்டுவாங்கம் செய்பவரிடமும் மட்டும் சொல்கிறோம். கான்ட்ராக்டரிடம் அப்படிச் சொல்கிறோமா? ஆசிரியர் தங்கினால்தான் வகுப்பு தங்கும்.

மற்றவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். திரிவேணியில் மணிப்புரி நடனம் சொல்லிக் கொடுத்தவர் மணிப்பூரிலிருந்து வந்த குரு சிங்கஜித் சிங். கற்றவர்கள் எல்லா மாநிலத்தவரும். நம் வகுப்பில் பக்கத்து வீட்டு பஞ்சாபிக் குழந்தையும் வந்து சரளி வரிசை பாடட்டும். அதனால் நம் கலை குறைந்துவிடாது. அந்தக் குழந்தையோடு போட்டி போடவாவது நம் குழந்தை வீட்டில் சாதகம் செய்யும்.

இப்படி ஐந்து ஆண்டுகள் வருகைப் பதிவேட்டோடு நடந்த பிறகு கட்டடத்தைப் பற்றிப் பேசுவோம். அப்போதும் முதல் கட்டத்தில் நாலைந்து வகுப்பறை, நூறு, நூற்றைம்பது பேர் உட்காரும் ஒரு சிறு கூடம், குளிர்காலத்துக்குப் படிக்கட்டோடு ஒரு திறந்தவெளி மேடை, நல்ல காபி கிடைக்கும் ஒரு கேன்டீன் போதும். (கேன்டீனைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மார்கழியில் சென்னை சபாக்களுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் முதலில் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்பது நமக்குத் தெரியாதா?) பெரிய ஹால் வேண்டுமென்றால் பின்னால் சேர்க்க இடம் விட்டு வைக்கலாம். வாடகைக்கு விடுவதானால், வகுப்பு நாட்களைத் தொடக்கூடாது என்று விதிமுறையிலேயே எழுதிவிட வேண்டும். எழுதாத விதி முதல் முகூர்த்தத்திலேயே போய்விடும்.

இதில் எல்லோருக்கும் வேலை இருக்கிறது. ஓய்வு பெற்ற எங்களைப் போன்றவர்கள் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளலாம், பூட்டுச் சாவியை வைத்துக்கொள்ளலாம், மின்விசிறி ஓடுகிறதா என்று பார்க்கலாம். இளைய பெற்றோர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கிக் குழந்தையைக் கூட்டி வந்தால் போதும். மாலுக்குப் போகும் வழியில்தான் வகுப்பும் இருக்கப்போகிறது. பாட்டோ வீணையோ நடனமோ தெரிந்து, வேலைக்குப் போவதால் விட்டுவிட்ட பெண்கள் நம் குடும்பங்களில் ஏராளம். அவர்களை யாரும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. கேட்டுப் பாருங்கள்.

சுந்தரி ஸ்ரீதராணி 2012ல் காலமானார். அவர் தொடங்கிய திரிவேணி எழுபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து இன்றும் நடந்துவருகிறது. நம் பகுதியில் இப்போதே ஒரு ஆசிரியரும் இரண்டு குழந்தைகளும் நிச்சயம் இருக்கிறார்கள். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் ஹால் மனை விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அவர்களுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை உட்கார ஒரு அறை எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கலாமே. இதுவே என் தாழ்மையான வேண்டுகோள்.